கூலிங்காரன் வீட்டு ஓடு

அந்த வட்டாரத்தில் யார் வீட்டு ஏ.சி. மக்கர் செய்தாலும் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வந்து, மூடியைக் கழற்றி, காதை வைத்துக் கேட்டு, "கம்ப்ரஸர் போகல, கவலைப்படாதீங்க" என்று அவன் சொன்னால் வீட்டுக்காரர்களுக்குப் பாதிச் சூடு அப்போதே தணிந்துவிடும். கூலிங்காரன் என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி அவனை வங்கியில் மட்டும்தான் கூப்பிட்டார்கள். அதில் அவனுக்குப் பெருமைதான். சூடு, குளிர் என்று வந்துவிட்டால் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவன் நினைப்பு.

அவன் வீட்டு மாடியறை மட்டும் அடுப்பு போலக் கொதித்தது.

கீழ்வீடு கான்கிரீட் தளம். அதற்கு மேலே நீளமாக ஒரே அறை, சரிவான ஓட்டுக் கூரை. அங்கேதான் அவன் மனைவி தையல் வேலை செய்தாள். தெருவுக்கு அவள் டெய்லரக்கா. இரண்டு மிஷின்கள், துணி வெட்டும் பெரிய மேஜை, இஸ்திரிப் பெட்டி, சுவரெல்லாம் கொக்கிகளில் பாதி தைத்த உடுப்புகள். கூரையில் இருந்த பழைய ஓடுகள் விரிசல் விட்டு ஓரம் நொறுங்கிப்போயிருந்தன. மழை வந்தால் துணியை வாரிச் சுருட்டிக்கொண்டு கீழே ஓடுவாள். வெயிலுக்கு அப்படி ஓட முடியாது, கொடுத்த வாக்குப்படி துணியைத் தைத்தாக வேண்டும். மதியத்தில் கத்தரிக்கோலைத் தொட்டாலே சுடும். நெற்றி வியர்வை வெள்ளைத் துணியில் சொட்டி, வாங்க வந்தவர்களிடம் பேச்சு வாங்கியிருக்கிறாள்.

"ஏங்க, இந்தக் கூரைய மாத்தணுங்க" என்று அவள் சொல்லாத கோடை கிடையாது.

"அதான் ஏ.சி. மாட்டியிருக்கேன்ல?" என்பான் அவன்.

ஏதோ ஓர் அலுவலகத்தில் கழற்றிப் போட்டதை அவன் தட்டிக் கொட்டி ஓடவைத்து மாட்டியிருந்தான். மதியமானால் அது இரைந்ததே தவிர, அறை குளிரவில்லை. அதைப் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்பான். ஊரார் ஏ.சி.யைப் பார்க்கவே அவனுக்கு நேரம் சரியாக இருந்தது.

அந்த வருடம் அவள் அவனிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள். தானே விசாரிக்கத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்களெல்லாம் போனில் ஒரு குரூப்பாகச் சேர்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் ஊருக்கு வெளியே பெரிய ரோட்டில் கூரை ஓட்டுக்கடை வைத்திருப்பது தெரியவந்தது. அவளுடைய தம்பி லோடு வேன் ஓட்டுபவன். ஒரு நாள் அந்தப் பக்கம் லோடு எடுக்கப் போன தம்பியோடு வேனில் ஏறிப் போய்க் கடையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள். "ஒரு விஷயம் தெரியுமாங்க? வெளிர் நிறத்துல ஓடு போட்டா வெயில்ல பெரும்பங்கு அப்படியே மேலயே திரும்பிப் போயிடுமாம். கறுப்பு, காப்பிக் கலரெல்லாம் சூட்டக் குடிச்சு உள்ள இறக்குமாம்."

"யார் சொன்னா?"

"அவன்தான் சொன்னான்."

தட்டில் இருந்த கை நின்றது. அவள் சொன்ன விஷயம் அவனுக்குப் புதிதல்ல. அந்த ‘அவன்’தான் உறுத்தியது. கல்யாணமான நாளிலிருந்து தன்னை ‘அவர்’, ‘நீங்க’ என்று ஒரு அடி தள்ளி வைத்தே பேசிவருகிறவள், எவனோ ஒருத்தனை இவ்வளவு சுலபமாக ‘அவன்’ என்கிறாளே! மரியாதை குறைச்சலாகப் பேசப்படுகிறவன் மீது பொறாமை வரும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

"எனக்குத் தெரியாத சூடா?" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

அதற்குப் பிறகு வீட்டில் ஓட்டுப் பேச்சுதான். ஒரு நாள் வேலை முடிந்து வியர்த்து விறுவிறுத்து வந்து, குளிக்கப் போனால் பக்கெட்டுக்குள் இரண்டு ஓடுகள் மூழ்கிக் கிடந்தன.

"குளிக்கிற பக்கெட்டுல என்ன இது?" என்று கத்தினான்.

"எடுத்துடாதீங்க! நாளைக்குக் காலைல வரைக்கும் ஊறணும்" என்றாள் சமையலறையிலிருந்து. "எவ்வளவு தண்ணி குடிக்குதுன்னு நிறுத்துப் பாக்கணும். நிறைய குடிக்கிற ஓடுன்னா மழைக்குக் கனம் ஏறும், பாசி பிடிக்கும், அப்புறம் வெயில்ல பொரிஞ்சு உதிரும்னு சொன்னான்."

"அப்ப நான் எதுல குளிக்கிறது?"

"குழாய்க்குக் கீழ உக்காந்துக்கங்க."

குழாய்க்குக் கீழே உட்கார்ந்து குளித்தபடி அவன் பக்கெட்டை முறைத்தான். தன் வீட்டுக் குளியலறைவரை அந்த ஆள் வந்துவிட்டதாகவே பட்டது.

போன் வருவதுதான் இன்னும் கொடுமை. மேலே மிஷின் சத்தம் திடீரென்று நிற்கும். "சொல்லுடா" என்று கேட்கும். பிறகு சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவனுக்குத் தெரியாத சிரிப்பாக இருந்தது. அவனிடம் அவள் சிரித்ததே இல்லை என்று சொல்ல முடியாது. அவனிடம் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள். இது கூரையில் பட்டு ஓட்டை வழியாக வெளியே போகிற சிரிப்பு.

மச்சானைத் தனியாகப் பிடித்தான். வேன் டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு கேட்டான். "ஆளு எப்படிடா?"

"யாரு மாமா?"

"அதான், அந்த ஓட்டாண்டி."

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓட்டாண்டியா? அவருக்குச் சொந்தமா லாரியே ஓடுது மாமா. ஆளு தங்கம். போன உடனே அக்காவுக்கு நாற்காலி போட்டு, ஃபேனத் திருப்பி வெச்சு..."

"போதும் போதும். காத்து அடிச்சியா டயருக்கு?"

நாற்காலி, ஃபேன். அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு அவன் அந்த வாரம் முழுக்க வெந்தான். ஒரு வீட்டு ஏ.சி.யில் காஸ் நிரப்பும்போது கவனம் தப்பி, பனிக்கட்டியாய்ப் பீறிட்ட காஸில் கையைச் சுட்டுக்கொண்டான்.

ஒரு மாலை அவள் உற்சாகமாக வந்து உட்கார்ந்தாள். "ஏங்க, இந்த வாரன்டி இருக்கே, அது ரெண்டு வகையாம். ஓடு செய்யற கம்பெனி குடுக்கறது ஒண்ணு, மாட்டுறவங்க குடுக்கறது ஒண்ணு. ஓடு நல்லா இருந்து மாட்டினது சரியில்லன்னா கம்பெனி கைய விரிச்சிடும். அதனால ரெண்டையும் கேட்டு வாங்கணும். அப்புறம் எத்தனை வருஷம்னு மட்டும் பாக்கக் கூடாதாம். எதுக்கு எத்தனை வருஷம்னு பாக்கணுமாம். ஓடு உடையறதுக்கா, கலர் மங்கறதுக்கா, ஒழுகறதுக்கா..."

"எனக்கே வாரன்டி பாடம் எடுக்கறியா?" என்று அவன் எழுந்துவிட்டான். "நான் தெனமும் கம்ப்ரஸர் வாரன்டியில புழங்கறவன். அவன் எத்தனை வருஷம் குடுக்கறானாம்?"

"இருபது."

"இருபதுதானா?"

மறுநாளே அவன் வேறொரு இடத்துக்குப் போனான். கடைத்தெருவில் கண்ணாடி முகப்பு வைத்த பெரிய ஷோரூம் அது. அங்கே ஏ.சி. பார்ப்பதே அவன்தான் என்பதால் வாசலிலேயே வணக்கம் கிடைத்தது. உள்ளே அவன் கையாலேயே சர்வீஸ் செய்த ஏ.சி. ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. வரிசையாக விளக்கு போட்டு ஓடுகளை நகைபோல அடுக்கியிருந்தார்கள். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் சாக்லேட் நிற ஓடு ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தார். மேலே பளபளவென்று பூச்சு.

"சார், நீங்க டெக்னிக்கல் ஆளு. உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. கான்கிரீட் ஓடு. அம்பது வருஷ வாரன்டி."

"அம்பதா?"

"அம்பது, சார்."

டெக்னிக்கல் ஆள் என்று தன்னை இப்படி யாராவது சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! இருபதை ஐம்பது அடித்துவிட்டது. அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. வெயிலுக்கு வேண்டிய ஓட்டைக் குளிரில் நின்று தேர்ந்தெடுத்துவிட்டு, முன்பணமும் கட்டிவிட்டு வந்தான்.

அவளிடம் சொன்னபோது அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கலர்?" என்றாள்.

"சாக்லேட்."

"வெயில்லயா? நல்லா உருகும்."

"அம்பது வருஷ வாரன்டி. உங்காளு குடுத்தது இருபது."

‘உங்காளு’ என்ற சொல் வாயிலிருந்து எப்படியோ வழுக்கி விழுந்துவிட்டது. அவள் நிமிர்ந்து அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு படியில் இறங்கிப் போனாள். "மன்னிச்சுக்கோ. அவர் வேற இடத்துல பாத்துட்டார்" என்று சொல்வது அவனுக்குக் கேட்டது. இந்தத் தடவை சிரிப்பு இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் எங்கேயோ ஒரு முள்ளும் இருந்தது, ஆனால் அவன் அதைத் தேடிப் பார்க்கவில்லை.

ஓடுகள் வந்து இறங்கின. கம்பெனியின் ஆட்கள் வந்து மாட்ட நாளாகும் என்றார்கள். கோடைக்கு முன்னால் முடித்துக் காட்ட வேண்டும் என்ற வேகத்தில், அவன் தனக்குத் தெரிந்த கொத்தனாரைக் கூப்பிட்டான். பழைய மரச்சட்டங்களின் மேலேயே, இடைவெளி எதுவும் விடாமல், அடுக்கி ஆணியடித்து இரண்டே நாளில் முடித்தார்கள்.

"மாமா, கம்பெனி ஆளுங்க மாட்ட வேணாமா?" என்று மச்சான் கேட்டான்.

"நீ வண்டிய மட்டும் ஓட்டு மச்சான்" என்றான் கூலிங்காரன்.

தெருவிலிருந்து பார்க்க வீடு அழகாகத்தான் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் நின்று பார்த்துவிட்டுப் பாராட்டினார். அவள் மட்டும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தைக்கப் போய்விட்டாள்.

கோடை வந்தது. முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. விரிசல் விட்ட பழைய ஓட்டில் சந்து வழியாகக் கொஞ்சமாவது காற்று போய்வந்தது. இது மூடி போட்ட பானையாகிவிட்டது. மதியமானால் அவள் துணியையும் ஒரு மிஷினையும் கீழே கூடத்துக்கு இறக்கிக்கொண்டாள். சாயங்காலம் மறுபடி மேலே ஏற்றினாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட அவனால் பதிலுக்குத் திட்டியிருக்க முடியும். மிஷினைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறவளிடம் என்ன சொல்வது?

ஒரு நாள் மச்சான் வாய் தவறிச் சொன்னான். "அந்த ஓட்டுக்கடைக்காரரு அக்கா எப்படி இருக்கான்னு கேட்டாரு மாமா."

கேட்டானா! அவ்வளவுதான். மறுநாளே பெரிய ஏ.சி. ஒன்றை வாங்கிவந்தான். வெளியே வைக்கிற யூனிட்டுக்குச் சுவரில் இடம் இருந்தது. ஆனால் கூரைச் சரிவில் வைத்தால் குழாய் நீளம் குறையும், அறை சீக்கிரம் குளிரும் என்று கணக்குப் போட்டான். டிரில்லரை எடுத்துக்கொண்டு ஏறி, புது ஓடுகளைத் துளைத்து, இரும்பு ஸ்டாண்டை முடுக்கி, யூனிட்டை உட்காரவைத்தான். அறை குளிர்ந்தது. மின்சாரக் கட்டணம் வந்தபோது அவள் அதைப் பார்த்துவிட்டு அவன் முன்னால் வைத்தாள். மறுபடி மதியத்தில் மிஷினைக் கீழே இறக்கத் தொடங்கினாள்.

கோடை முடிந்து மழை வந்ததும் சாக்லேட் பூச்சு உரியத் தொடங்கியது. வெயிலில் காய்ந்த தோல்போலப் படலம் படலமாக எழுந்து, அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது. யூனிட் அதிர்ந்து அதிர்ந்து ஸ்டாண்டைச் சுற்றியிருந்த ஓடுகள் விரிந்தன. ஒரு பெருமழை நாளில் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி, ஒரு கல்யாணப் பெண்ணுக்காக அவள் வெட்டி வைத்திருந்த பட்டுத் துணியில் விழுந்தது. பெண்ணின் அம்மா வந்து நின்று பேசிய பேச்சைக் கூலிங்காரன் கீழ்ப்படியில் நின்று கேட்டான். டெய்லரக்கா தலையைக் குனிந்துகொண்டு, வேறு துணி வாங்கித் தைத்துத் தருவதாகச் சொன்னாள்.

அவன் நேரே ஷோரூமுக்குப் போய் ஐம்பது வருட வாரன்டி அட்டையை மேஜைமேல் வைத்தான். இரண்டொரு வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து பரிசோதகர் ஒருவர் வந்தார். ஏணியில் ஏறிப் பார்த்தார். வெகுநேரம் ஆகவில்லை.

"சார், இந்த ஸ்டாண்ட யார் போட்டது?"

"நான்தான்."

"ஓட்ட யார் மாட்டினது?"

"நமக்குத் தெரிஞ்ச ஆளு."

பரிசோதகர் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். குரலில் கிண்டல் இல்லை, தினமும் சொல்கிற அலுப்புதான் இருந்தது. "எங்க ஆளுங்க மாட்டியிருக்கணும். அடியில காத்துப் போக இடம் விட்டிருக்கணும். துளை போட்டிருக்கக் கூடாது. மூணுமே அட்டையில இருக்கு சார். துளை போட்டா அந்த நிமிஷமே வாரன்டி போச்சு."

"பூச்சு உரியுதே, அது உங்க தப்பு இல்லையா? அம்பது வருஷம்னு சொன்னீங்களே?"

"அம்பது வருஷம் ஓடு தானா உடையாம இருக்கறதுக்கு. கலருக்கு அஞ்சுதான். அதுலயும் வருஷா வருஷம் குறைஞ்சுகிட்டே வரும். குடுத்தாலும் ஓடு மட்டும்தான் குடுப்போம், இறக்கி ஏத்துற கூலி உங்களோடது. ஆனா இப்ப அதுக்கும் வழியில்ல சார்."

அவர் போய்விட்டார். கூலிங்காரன் மேலே வந்தான். அவள் எல்லாவற்றையும் ஜன்னலோரத்தில் நின்று கேட்டிருந்தாள்.

"நீங்க ஏன் அங்க போய் வாங்கினீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவன் போன் பண்ணினா உங்க மூஞ்சி எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதா?"

இத்தனை மாதமாக உள்ளே புகைந்தது வெளியே வந்தது. "சிரிச்சுச் சிரிச்சுப் பேசினல்ல?"

"ஆமா, சிரிச்சேன். சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன்."

"அவனுக்கு உன்மேல ஒரு இது இருக்கு."

"இருந்துச்சு" என்றாள் அவள், தயக்கமே இல்லாமல். "பள்ளிக்கூடத்துல இருந்துச்சு. எனக்கும் தெரியும், எங்க கிளாசுக்கே தெரியும், அவன் பொண்டாட்டிக்கும் தெரியும். அவங்கதான் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாங்க. உங்களுக்குத்தான் இன்னிக்கு அது புதுச் செய்தி."

அவன் மேஜைமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து, மறுபடி அங்கேயே வைத்தான்.

"நான் ஓட்டு விலை கேக்கத்தான் போனேன்" என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது. "அவன் விலைய சொல்லல. மிஷின எந்தப் பக்கம் போட்டிருக்க, வெயில் எந்தப் பக்கமா ஏறுது, எத்தனை மணிக்கு உக்கார முடியாமப் போகுதுன்னு ஒவ்வொண்ணாக் கேட்டான். எனக்கு அழுகையே வந்துடுச்சு. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இந்த ரூம்லதான் வேகறேன். நீங்க ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, கேட்டதுண்டா? ஊருக்கெல்லாம் எந்த ரூம் எவ்வளவு சூடுன்னு கருவி வெச்சுப் பாக்கறீங்க. இங்க ஒரு நாள் வெச்சிருக்கீங்களா?"

அவன் படியிறங்கிப் போனான்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. மழை விட்டு, வெயில் சுள்ளென்று அடித்தது. மதியம் அவள் கீழே தைத்துக்கொண்டிருந்தபோது அவன் மேலே போய், ஏ.சி.யைப் போடாமல், அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். தூரத்திலிருந்தே சூட்டை அளக்கிற துப்பாக்கி மாதிரியான கருவி அவன் பையில் எப்போதும் இருக்கும். கூரையின் உட்பக்கம் பிடித்தான். மேஜைமேல் பிடித்தான். மிஷினின் இரும்புத் தலையில் பிடித்தான். எண்களைப் பார்த்துக் கருவி கெட்டுவிட்டதோ என்று தன் உள்ளங்கையில் பிடித்துச் சோதித்தான். கெடவில்லை. இதோடு இஸ்திரிப் பெட்டியின் சூடும் சேரும் என்று நினைத்துக்கொண்டான். சட்டை முதுகோடு ஒட்டியது, தலை கிறுகிறுத்தது. மேற்குச் சரிவு சரியாக அவள் தலைக்கு மேலே இருந்தது. மிஷினைக் கிழக்குப் பக்கம் நகர்த்தினால் வெளிச்சம் போதாது. இதெல்லாம் அந்த ஆளுக்குக் கடையில் இருந்தபடியே தெரிந்திருக்கிறது. பொறாமை அப்போதும் போகவில்லை. இடம் மாறிப் போய் வலிக்கிற வேறொரு இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் குளித்து, தலை சீவி, இருப்பதில் நல்ல சட்டையாக எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"எங்க, கல்யாணத்துக்கா?" என்றாள் அவள்.

"ஓட்டுக்கடைக்கு."

அவள் கையில் இருந்த துணி கீழே விழுந்தது. "சண்டை போடப் போறீங்களா?"

"ஓடு பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

நல்ல உயரமாக, சுருட்டை முடியோடு, சினிமாக்காரன் மாதிரி ஒருவனை அவன் மனதுக்குள் வளர்த்து வைத்திருந்தான். கடையில் இருந்தவன் குட்டையாக, முன்வழுக்கையோடு, கட்டைவிரலில் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு ஓடு எண்ணிக்கொண்டிருந்தான். கூலிங்காரனுக்கு ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. ஆள் வாயைத் திறந்ததும் அது போய்விட்டது.

"கூலிங்காரரா? வாங்க" என்றான் ஓட்டுக்கடைக்காரன். "அம்பது வருஷம் அதுக்குள்ள முடிஞ்சு போச்சா?"

முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அதை மறைக்க அவன் ரொம்பவும் முயலவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று கூலிங்காரனுக்குத் தோன்றியது. அந்த நாற்காலியின் சூடு முதுகில் இன்னும் மிச்சமிருந்ததால் நின்றான்.

"முடிஞ்சு போச்சு" என்றான். "மேற்குச் சரிவ மட்டும் மாத்தணும். மொத்தமா மாத்த இப்ப முடியாது."

வெளியே முற்றத்தில் விதவிதமான ஓடுகள் நாள் முழுக்க வெயிலில் கிடந்து சூடேறியிருந்தன. கூலிங்காரன் தன் கருவியை எடுத்து ஒவ்வொன்றாகப் பிடித்தான். கறுப்பு ஓட்டுக்கும் வெளிர்ச் சந்தன நிற மண் ஓட்டுக்கும் அந்த நேரத்திலேயே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஓட்டுக்கடைக்காரன் எட்டிப் பார்த்தான். கண் விரிந்தது.

"அதக் குடுங்க பாக்கலாம்."

வாங்கிக்கொண்டு முற்றம் முழுக்க ஓடி ஓடிப் பிடித்தான். ஓட்டில், தகரத்தில், தன் வழுக்கையில்கூடப் பிடித்துப் பார்த்துக்கொண்டான். "இத்தனை வருஷமா வாயால சொல்லிக்கிட்டிருந்தேன். இது இருந்தா பேசவே வேணாமே!"

அதன் பிறகு பேச்சு வேலையில் இறங்கியது. மண் ஓடு உள்ளும் புறமும் ஒரே நிறம், உரியப் பூச்சு கிடையாது என்றான் கடைக்காரன். சட்டத்துக்கு மேல் இன்னொரு சட்டம் அடித்து உயர்த்தி, அடியில் சூட்டைத் திருப்பி அனுப்புகிற பளபளத் தாள் விரிக்க வேண்டும் என்றான். அது போதாது, உச்சியில் சூடான காற்று வெளியே போக வழி விடவில்லையென்றால் அது அங்கேயே தங்கும் என்றான் கூலிங்காரன். இல்லை, அந்த வழியாக மழை அடிக்கும் என்றான் கடைக்காரன். மூடிபோட்ட வழி விடலாம் என்றான் கூலிங்காரன். இரண்டு பேரும் தரையில் கரித்துண்டால் கூரை வரைந்து சண்டை போட்டார்கள். கடைக்காரனின் மனைவி வந்து பார்த்துவிட்டு, இரண்டு நாற்காலிகளைப் போட்டுவிட்டுப் போனாள்.

கடைசியில் வாரன்டிக்கு வந்தார்கள். கூலிங்காரன் இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகக் கேட்டான். எதற்கு எத்தனை வருடம், வீடு கைமாறினால் செல்லுமா, கூலி யாருடையது, ஒழுகினால் யார் பொறுப்பு. பொறுமையாகப் பதில் வந்தது. ஓட்டுக்கு இருபது வருடம், மாட்டிய வேலைக்குப் பத்து, கூலியும் சேர்த்து. ஏ.சி. யூனிட்டைச் சுவருக்கு மாற்றிவிட வேண்டும், கூரையில் ஒரு துளைகூடக் கூடாது.

"யார் பேர்ல போடட்டும்?"

"அவ பேர்ல" என்றான் கூலிங்காரன். "அவ ரூம்தானே."

"இன்னொண்ணு. வருஷத்துக்கு ஒரு தடவ நாங்க வந்து கூரைய ஏறிப் பாக்கணும். அப்பதான் வாரன்டி செல்லும்."

"நாங்கன்னா?"

"நான்தான் வருவேன். வேற யாரையும் நம்பி அனுப்ப மாட்டேன்."

கூலிங்காரன் தாளைத் தன் பக்கம் இழுத்தான். "எத்தனை வருஷத்துக்கு?"

"இருபது வருஷத்துக்கும்."

அந்த நிபந்தனையை மட்டும் அவன் இரண்டு தடவை படித்துப் பார்த்தான். வேறு வழியில்லை. தலையை ஆட்டினான்.

வேலை நல்லபடி முடிந்தது. மேற்குச் சரிவு சந்தன நிறம், கிழக்குச் சரிவு உரிந்த சாக்லேட். கூரைக்கு ரெண்டு பொண்டாட்டி என்று எதிர்வீட்டுக்காரர் கிண்டலடித்தார். அடுத்த கோடையில் மதியத்திலும் மாடியில் மிஷின் சத்தம் கேட்டது. சொர்க்கம் ஒன்றுமில்லை, உச்சி வெயிலில் ஏ.சி.யைக் கொஞ்ச நேரம் போடத்தான் வேண்டியிருந்தது. ஆனால் மிஷின் கீழே இறங்கவில்லை. கூலிங்காரன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தால் இப்போது முதலில் மாடிக்குப் போனான். "எப்படி இருக்கு?" என்பான். முதலில் அவள் ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள். போகப் போக ஜன்னல் திரை, ஃபேன் சத்தம், முதுகுவலி என்று பேச்சு நீண்டது. அவனுக்குச் சோறு ஆறிப்போகும்.

வருடம் திரும்பியதும் ஓட்டுக்கடைக்காரன் போன் செய்து, கூரை பார்க்க வருவதாகச் சொன்னான். அன்று காலையிலிருந்தே கூலிங்காரனுக்கு வீடுவீடாக அழைப்பு. எல்லோரிடமும் நாளைக்கு என்றான்.

"நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள் அவள்.

"ஏணி ஆடும். பிடிக்க ஆள் வேணும்."

ஓட்டுக்கடைக்காரன் வந்து, ஏணியில் ஏறி, ஒவ்வொரு ஓடாகத் தட்டிப் பார்த்தான். கீழே நின்று அவள் ஏதோ கேட்டாள். அவன் மேலிருந்து ஏதோ சொன்னான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஏணியைப் பிடித்திருந்த கூலிங்காரனுக்கு வயிற்றில் கொஞ்சம் எரிந்தது. கொஞ்சம்தான். என்ன சொன்னான் என்று கேட்டான். அவள் சொன்னாள். பழைய கணக்கு வாத்தியாரைப் பற்றிய ஏதோ ஒன்று. அவனுக்கு அது விளங்கவில்லை, சிரிப்பும் வரவில்லை.

கூரையில் ஒரு குறையும் இல்லை என்று கடைக்காரன் இறங்கி வந்து கையெழுத்துப் போட்டான். டீயைக் கூலிங்காரனே போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். வாசல்வரை போய், வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தான். அதற்கப்புறம்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.